மெஷின் எடுக்காத வலி: டயாலிசிஸ் நோயாளிக்கு ஆதரவு சிகிச்சை

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் ஓயாமல் ரத்தத்தை வடிகட்டுகிறது. வாரம் மூன்று முறை, தலா நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அந்த வேலை 12 மணி நேரம்தான் நடக்கிறது. செலவு, தூரம், படுக்கை கிடைக்காமை என்று ஏதோ ஒரு காரணத்தால் வாரம் இரண்டு முறை மட்டும் வருகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு 8 மணி நேரம். மீதி நேரம் முழுவதும் கழிவும் நீரும் உடம்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம் எல்லாம் ரிப்போர்ட்டில் ‘பரவாயில்லை’ என்று இருக்கும்போதும் ஆள் நன்றாக இருப்பதில்லை. அரிக்கிறது, தூக்கம் வருவதில்லை, கால் இழுக்கிறது, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது.

இந்த மிச்சத் துன்பத்தைக் கவனிப்பதற்குத்தான் ஆதரவு சிகிச்சை என்று பெயர். பாலியேட்டிவ் கேர், நோய் தணிப்பு சிகிச்சை, வலி நிவாரண சிகிச்சை என்றெல்லாம் சொல்வதும் இதைத்தான். பெயரைக் கேட்டதும் ‘அப்போ கை விட்டுட்டாங்களா?’ என்று குடும்பம் பதறுகிறது. நம் ஊரில் இந்தச் சொல் முற்றிய புற்றுநோயோடு ஒட்டிக்கொண்டே வந்ததால் ஏற்பட்ட பதற்றம் அது. டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கும்போதேகூட, இதைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். நோயின் தீவிரத்தைக் குறைக்கும் சிகிச்சையோடு சேர்த்து, நோயின் தொடக்கத்திலிருந்தே இதைத் தரலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கமும்.

கேட்டால்தான் தெரியும்

டயாலிசிஸ் யூனிட்டில் நுழைந்ததும் எடை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடத்தில், கை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘ராத்திரி தூங்கினீங்களா?’ என்று கேட்பது அபூர்வம். நோயாளியும் சொல்ல மாட்டார். கிட்னி போனால் இப்படித்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்திருப்பார்.

இதற்காகவே சிறுநீரக நோயாளிகளுக்கென்று கேள்வித் தாள்கள் உண்டு. ஐபாஸ்-ரீனல் என்பது அதில் பரவலாகப் பயன்படுவது. கடந்த ஒரு வாரத்தில் வலி, மூச்சுத் திணறல், சோர்வு, குமட்டல், பசியின்மை, மலச்சிக்கல், வாய் உலர்தல், அரிப்பு, கால் குடைச்சல், தூக்கமின்மை ஒவ்வொன்றும் எவ்வளவு தொல்லை தந்தது என்று 0 முதல் 4 வரை குறிக்க வேண்டும். வீட்டில் ஒரு நோட்டில் இதையே எழுதலாம். மாதம் ஒரு முறை, அதுவும் டயாலிசிஸ் இல்லாத நாளில் எழுதினால் நல்லது. டயாலிசிஸ் முடிந்த அன்று மாலை பலருக்கு அடித்துப் போட்டதுபோல இருக்கும். அன்றைக்கு எழுதினால் எல்லாமே 4 ஆகிவிடும். 3 அல்லது 4 விழுந்த இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் மருத்துவரிடம் முதலில் சொல்வது போதும். பத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் பத்துக்கும் மாத்திரை வரும்.

தண்ணீர்க் கணக்கும் தசை இழுப்பும்

மெஷினில் படுத்திருக்கும்போது கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிப்பது, தலை சுற்றுவது, பிறகு நாள் முழுக்கச் சோர்ந்து கிடப்பது ஆகியவை பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன: குறைந்த நேரத்தில் அதிக நீரை உறிஞ்சுவது. ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது பொதுவான வரம்பு. 55 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 715 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு 2.8 லிட்டர் சொச்சம். அவர் நான்கு கிலோ ஏறி வந்தால் மெஷின் அந்த வரம்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ரத்த அழுத்தம் விழும், சதை இழுக்கும். ‘மூன்று மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிடுங்கள், பஸ்ஸைப் பிடிக்கணும்’ என்றால் இன்னும் மோசம்.

நீரைக் குறை என்று மட்டும் சொல்வதில் பயன் குறைவு. தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, என்பதற்குள் நின்றால் தாகம் தானாக இறங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர் ஆகியவைதான் முதலில் போக வேண்டியவை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை வாங்கக் கூடாது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். இளநீருக்கும் இதே எச்சரிக்கை. ரசம், மோர், கஞ்சி, குழம்பு எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும். வாய் உலர்ந்தால் ஒரு ஐஸ் துண்டைச் சப்பலாம், வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், பெரிய டம்ளரை எடுத்துவிட்டுச் சின்ன டம்ளர் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் உப்பைக் குறைத்தும் தாகம் அடங்காது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊசி குத்தும் வலி தனி. ஃபிஸ்டுலா ஊசி தடிமனானது, வருடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் குத்தப்படுகிறது. லிக்னோகெய்ன் கலந்த மரத்துப்போகும் களிம்பை ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு வீட்டிலேயே தடவி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி வந்தால் வலி நன்றாகக் குறையும். குத்துவதற்கு முன் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

அரிப்பு

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அரிப்பு அற்பமான விஷயம். அனுபவிப்பவருக்கு அது இரவுகளைத் தின்னும் நோய். சட்டை முதுகில் ரத்தப் புள்ளிகளோடு வருகிறவர்களை எந்த டயாலிசிஸ் யூனிட்டிலும் பார்க்கலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? விரலிடுக்கில், இடுப்பில், அக்குளில் பொரிப்பொரியாக இருக்கிறதா? இருந்தால் அது சொறி சிரங்கு; வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டால் தீரும். அது இல்லையென்றால் சிறுநீரக அரிப்பு. தோல் வறண்டு போவது, பாஸ்பரஸ் ஏறுவது, கழிவு முழுதாக வெளியேறாதது, நரம்புகளின் உணர்வு மாறிப்போவது எல்லாம் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. ஒவ்வாமையில் வேலை செய்யும் ஹிஸ்டமின் பாதைக்கு இதில் பங்கு குறைவு. அதனால்தான் செட்ரிசின், அவில் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியும் தூக்கக் கலக்கம் வருகிறதே தவிர அரிப்பு அடங்குவதில்லை.

அடக்குவதற்கு வழி உண்டு. வெந்நீர்க் குளியலை விட்டு வெதுவெதுப்பான நீரில் குறைந்த நேரம் குளிப்பது, நறுமணம் இல்லாத சோப்பைப் பயன்படுத்துவது, துடைத்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனையற்ற களிம்போ பூசுவது, இதை நாள் இரண்டு வேளை செய்வது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், குறிப்பாக ஃபிஸ்டுலா கையைச் சொறிந்து புண்ணாக்கிவிடாமல் இருக்க. பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வீண். இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வாரத்தில் பலன் இல்லையென்றால் காபாபென்டின் மாத்திரையை மருத்துவர் தொடங்கலாம். அளவுதான் இங்கே உயிர்: 100 மில்லிகிராம், அதுவும் டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குத் தரும் ‘300, மூன்று வேளை’ என்ற அளவை அப்படியே எழுதிவிட்டால் இரண்டொரு நாளில் நடை தள்ளாடும், பேச்சு குழறும், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். பக்கவாதம் என்று ஸ்கேனுக்கு ஓடிய பிறகு, காரணம் மாத்திரைதான் என்று தெரியவரும்.

இரவில் காலை ஆட்டாமல் இருக்க முடியாத கால் குடைச்சலுக்கும் இதே மாத்திரை உதவும். அதற்கு முன் இரும்புச் சத்து குறைவாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு இந்தக் குடைச்சலைக் கிளப்பிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

வலி மருந்தில் உள்ள பொறி

புற்றுநோய் வலிக்குக் கைகொடுக்கும் மருந்துப் பட்டியலை அப்படியே டயாலிசிஸ் நோயாளிக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய மருந்து உடம்பிலேயே தங்கும்.

முதல் எதிரி மருந்துக் கடையில் சும்மா வாங்கும் வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக். ‘கிட்னிதான் ஏற்கெனவே போயிடுச்சே, இனி என்ன கெடும்?’ என்று கேட்பார்கள். கெடும். ஒரு நாளைக்கு 200, 300 மில்லி சிறுநீர் மிச்சமாகப் போய்க்கொண்டிருந்தால் அதுவும் நிற்கும். அந்தக் கொஞ்சம் சிறுநீர்தான் அவர் கூடுதலாக ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க அனுமதி தருவது. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுகிறார்கள். கூடவே இந்த மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

பாராசிட்டமால் பாதுகாப்பானது. ஒரு நாளைக்கு 3 கிராமுக்குள், அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வரை. வலி வந்த பிறகு ஒன்று போடுவதைவிட, ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரம் தவறாமல் போட்டால் பலன் கூடும். டிரமடால் கலந்த மாத்திரையில் பாராசிட்டமாலும் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிரமடால் தனியாகத் தந்தாலும் 12 மணி நேர இடைவெளி வேண்டும். அதிகமானால் வலிப்பு வரும்.

கடும் வலிக்குத் தரும் மார்ஃபினும் அதே வகையான கோடினும் இவர்களுக்கு ஆகாது. கல்லீரல் மார்ஃபினை உடைத்து உண்டாக்கும் பொருள்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைபட்டிருப்பதால் அவை சேர்ந்துகொண்டே போகும்: எழுப்பினாலும் எழாத தூக்கம், உடல் தூக்கிப் போடுவது, கடைசியில் மூச்சே குறைவது. பக்கத்து வீட்டுப் புற்றுநோயாளியிடம் மிஞ்சிய மாத்திரையை நல்லெண்ணத்தில் கொடுப்பது இங்கே ஆபத்து. கடும் வலிக்கு மாற்று இருக்கிறது, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை. புப்ரினார்ஃபின் பட்டை மணிக்கு 5 மைக்ரோகிராம் அளவில் தொடங்கி ஏழு நாளைக்கு ஒன்று ஒட்டப்படுகிறது. ஃபென்டனில் பட்டை மூன்று நாளைக்கு ஒன்று. மார்ஃபின் வகை மருந்துக்கு உடல் ஏற்கெனவே பழகியவருக்கு மட்டும்தான் ஃபென்டனில் பட்டை. பட்டை ஒட்டிய இடத்தில் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சூட்டில் மருந்து ஒரேயடியாக உள்ளே இறங்கிவிடும். காய்ச்சல் வந்தாலும் இதே கவனம் வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதம் எரிவது சர்க்கரை நோயால் நரம்பு பழுதானதாக இருக்கலாம். அதற்குப் பாராசிட்டமால் பயன்படாது, நரம்பு வலி மருந்து குறைந்த அளவில் வேண்டும். கால் விரல் கறுத்து வலித்தால் ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது. அது அன்றைக்கே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டியது. தோலில் பொறுக்க முடியாத வலியோடு ஊதா நிறத் திட்டு வந்து புண்ணானால் சிறிய ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கக்கூடும்; உடனே சிறுநீரக மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வயிற்றைப் பற்றி ஒரு குறிப்பு. நீரும் காய்கறியும் குறைந்த சாப்பாடு, பாஸ்பரஸ் மாத்திரை, இரும்பு மாத்திரை, வலி மருந்து எல்லாம் சேர்ந்து மலச்சிக்கலைக் கொண்டுவரும். வீட்டில் வாழைப்பழமும் கொய்யாவும் நீட்டுவார்கள்; இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். மக்னீசியம் கலந்த பேதி மருந்து இரத்தத்தில் மக்னீசியத்தை ஏற்றும். இசப்கோல் ஒரு முழு டம்ளர் தண்ணீர் கேட்கும், அதைக் கொடுக்க இவருக்கு வழியில்லை. லாக்டுலோஸ், சென்னா, பிசாகோடில் ஆகியவை ஏற்றவை. மலம் தினமும் போவது சுகத்துக்காக மட்டும் இல்லை. சிறுநீரகம் நின்ற பிறகு பொட்டாசியத்தில் ஒரு பங்கு மலத்தோடுதான் வெளியே போகிறது.

மனசு

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. சோர்வும் பசியின்மையும் தூக்கமின்மையும் கிட்னி நோயிலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு, ஆகவே தப்பிவிடும். இரண்டு கேள்வி போதும்: கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனது கனத்தே கிடக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம், பெரும்பாலான நாட்களில்’ என்று பதில் வந்தால் மனநல மருத்துவரிடம் பேச வேண்டும். டயாலிசிஸை அடிக்கடி தவறவிடுவது, ‘நான் உங்களுக்கெல்லாம் பாரம்’ என்று சொல்வது ஆகியவற்றைச் சோம்பல், பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாம்பத்திய உறவில் ஆர்வமும் இயலுமையும் குறைவது இந்த நோயில் சகஜம். அதை ஆணோ பெண்ணோ தானாக எடுத்துச் சொல்வதில்லை, மருத்துவர்தான் தொட வேண்டும். கூடவே அலையும் மனைவிக்கோ மகளுக்கோ வாரத்தில் ஒரு டயாலிசிஸ் நாளாவது ஓய்வு கிடைக்கும்படி வேறொருவர் துணைக்குப் போவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

பேச வேண்டிய பேச்சு

மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ‘இவர் இன்னும் ஒரு வருடத்துக்குள் இறந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?’ இருக்காது என்று தோன்றினால் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் இறங்கிக்கொண்டே போவது, உடல் மெலிவது, ஒவ்வொரு டயாலிசிஸிலும் அழுத்தம் விழுந்து பாதியில் நிறுத்துவது, அடிக்கடி வார்டில் சேருவது, படுக்கையோடு படுக்கையாகிவிடுவது ஆகியவை வெளிப்படையான அறிகுறிகள்.

நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஆஸ்பத்திரி நடைபாதையில் நடக்கிறது. ‘அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சார்’ என்று மகன் தனியாக வந்து கேட்பார். அப்பாவோ பக்கத்துப் படுக்கைக்காரர் போனபோதே பாதியைப் புரிந்துகொண்டிருப்பார். நல்ல வழி, அவரிடமே கேட்பது: ‘உங்க உடம்பு நிலையைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? யார்கிட்ட சொல்லணும்?’ பிறகு எது நடந்தால் நல்லது என்று நினைக்கிறார், எதைக் கண்டு பயப்படுகிறார், ஐசியுவில் குழாய் போட்டு வைப்பது வேண்டுமா, எங்கே இருக்க விரும்புகிறார் என்பவை. இதை ஒரே நாளில் பேசி முடிக்கத் தேவையில்லை. டயாலிசிஸ் நடக்கும்போது சுற்றிலும் பத்து பேர் படுத்திருக்கையில் பேசுவதும் சரியில்லை.

மிக முதியவர்களுக்கு, பல நோய்களோடு படுத்திருப்பவர்களுக்கு, டயாலிசிஸ் தொடங்குவதே நன்மையா என்பது நேர்மையான கேள்வி. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்து டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். டயாலிசிஸுக்கு முன்பு அன்றாட வேலைகளைச் செய்துகொண்ட அளவு குறையாமல் தொடர்ந்தவர்கள் 13 சதவீதம்தான். நம் ஊர் முதியவர் வீட்டில் மருமகளின் கைத்தாங்கலில் வாழ்கிறவர், அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய எண். சந்தேகமாக இருந்தால் நாள் குறித்துப் பார்க்கலாம்: ஆறு வாரமோ எட்டு வாரமோ செய்வது, எழுந்து உட்கார்ந்து சாப்பிடும் நிலைக்கு வருகிறாரா என்று பார்ப்பது, வராவிட்டால் நிறுத்துவது. இதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்டால் பிறகு யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. முழுதாக நிறுத்தாமல் குறைப்பதும் உண்டு: மூச்சுத் திணறல் வராத அளவுக்கு மட்டும் டயாலிசிஸ், கொலஸ்ட்ரால் மாத்திரை போன்ற நெடுங்காலப் பலன் மருந்துகளுக்கு விடை, உணவில் கொஞ்சம் தளர்வு.

நிறுத்தும்போது

சிறுநீர் அறவே போகாதவர் டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். சிறுநீர் கொஞ்சம் போகிறவருக்கு இன்னும் சில நாளோ வாரமோ கூடும். மெல்ல மெல்லத் தூக்கம் கூடும், கடைசியில் நினைவு மங்கும். சரியாகக் கவனித்தால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். கவனிக்காவிட்டால் மூச்சுத் திணறலும் உடல் வெட்டுவதும் குமட்டலும் வரும். எனவே மருந்துகளை முன்கூட்டியே வீட்டில் வைத்திருக்க வேண்டும்: மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் குறைந்த அளவு ஃபென்டனில், உடல் வெட்டுவதற்கும் பதற்றத்துக்கும் மிடசோலம், குமட்டலுக்கு ஹாலோபெரிடால் அரை மில்லிகிராம். மருத்துவரின் எழுத்துப்படிதான், செவிலியர் கையால்.

வீட்டார் செய்யக்கூடியவை எளிமையானவை, ஆனால் முக்கியமானவை. தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்தாற்போலப் படுக்க வைப்பது. முகத்துக்கு நேரே மின்விசிறி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஈரப் பஞ்சால் வாயைத் துடைப்பது. தொண்டை கரகரத்தால் ஒருக்களித்துத் திருப்புவது. ‘ஒண்ணும் சாப்பிடலையே, ஒரு டிரிப்பாவது ஏத்துங்க’ என்று வற்புறுத்தக் கூடாது. வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் போய்த் தேங்கும். கேட்டால் இரண்டு வாய் காபி கொடுக்கலாம்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. தெளிவோடு இருப்பவர் எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்லலாம். நினைவு தவறிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. தற்கொலையும் கருணைக்கொலையும் வேறு, தாங்க முடியாத சிகிச்சையை நிறுத்துவது வேறு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் இத்திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும், 104க்குப் போன் செய்தும் கேட்கலாம். பதிவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். முன்பே வந்து பார்த்துப் பழகிய மருத்துவர் இருந்தால் இன்னொரு வேலையும் தடங்கலில்லாமல் முடியும்: வீட்டில் இறந்தவருக்கு இறப்பின் காரணத்தைச் சான்றளிக்கும் படிவம் 4ஏ அவரிடம்தான் வாங்க வேண்டும், அதை வைத்து 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.